அத்தியாயம் 7: மொட்டை மாடிக்கு முன் மடிக்கணினி

நான் செய்த முதல் தொலைநோக்கியில் நிலா நன்றாகவே தெரிந்தது. தெரியாமல் போனது கேமராவுக்குத்தான்.

150 மி.மீ. விட்டமுள்ள குழியாடி, குவியத் தொலைவு 1200 மி.மீ. மூன்று மாதம் கையால் தேய்த்தது. குழலுக்குப் பிவிசி குழாய். திருத்தணியில் குழாய் விற்கிற கடைக்காரர் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு; குழாயைக் ‘கொட்டம்’ என்பார். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறு பொருள் தரும். அன்றிரவு என் கொட்டம் அடங்கியதும் அந்தக் குழாயால்தான். ஐபீஸில் கண்ணை வைத்தால் பள்ளம் பள்ளமாக நிலா. ஐபீஸைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினால் வெறும் வெள்ளை மங்கல். ஃபோகஸரை உள்ளே தள்ளினேன், இன்னும் தள்ளினேன். அது குழலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னும் முப்பது மி.மீ. போயாக வேண்டும். போக இடமில்லை.

காரணம் எளிது. டி-வளையம் மாட்டிய எஸ்.எல்.ஆர். கேமராவில், சென்சார் அந்த வளையத்தின் முகப்பிலிருந்து 55 மி.மீ. பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பிம்பம் விழும் இடம் குழலுக்கு அவ்வளவு வெளியே இருந்தால்தான் கேமராவுக்கு எட்டும். நான் ஐபீஸை மட்டும் நினைத்து அளவெடுத்திருந்தேன்.

மறுநாள் குழலில் புதிதாகத் துளை போட்டு, குழியாடியை 30 மி.மீ. முன்னால் நகர்த்தினேன். கேமராவில் நிலா வந்தது. ஆனால் படம் எதிர்பார்த்ததைவிட மங்கல். ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. குழியாடியிலிருந்து வரும் ஒளி ஒரு கூம்பு. எஃப்/8 கூம்பு ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் 1 மி.மீ. குறுகும். முன்பு என் செகண்டரி கண்ணாடி குவியத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி இருந்தது; அங்கே கூம்பின் அகலம் 25 மி.மீ. நான் வாங்கியிருந்த செகண்டரியும் சரியாக 25 மி.மீ. நகர்த்திய பிறகு தூரம் 230, கூம்பு 28.75 மி.மீ. மிச்ச ஒளி செகண்டரியின் ஓரத்தைத் தாண்டி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கையால் தேய்த்த 150 மி.மீ. கண்ணாடி, வேலை செய்தது 130 மி.மீ. கண்ணாடியாக. ஒளியில் கால் பங்கு காணாமல் போயிற்று.

கணினியில் இதே அமைப்பைப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு தவறும் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். முந்தைய அத்தியாயங்களில் காகிதத்தில் வரைந்த வடிவத்தை இப்போது கணினிக்குள் கட்டப்போகிறோம். கண்ணாடி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

கணினி என்ன செய்கிறது?

ஒரு கதிரை எடுத்துக்கொள்கிறது. அது முதல் பரப்பை எங்கே தொடுகிறது, அந்த இடத்தில் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அங்கிருந்து கதிர் எந்தத் திசையில் திரும்பும் என்று மூன்று கணக்குப் போடுகிறது. பிறகு அடுத்த பரப்பு. கடைசியில் கதிர் எங்கே விழுந்தது என்று ஒரு புள்ளி வைக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான கதிர்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்த எதிரொளிப்பு விதியும் ஸ்னெல் விதியும் தவிர இதில் புதிதாக எதுவும் இல்லை.

புதிதாக இருப்பது வேகம் ஒன்றுதான். 1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வல், ஆள் படம் எடுக்க உதவும் வேகமான லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த சிப்பாய்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிடத் தெரிந்தவனுக்கு ஒளி எங்கே விழும் என்று கணக்கிடுவது கடினமில்லைதானே! மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கதிர் கதிராகக் கணக்கிட்டார்கள். அவர்கள் செய்த வேலையை உங்கள் மடிக்கணினி, ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடித்துவிடும்.

தொழிற்சாலைகளில் ஸீமேக்ஸ், கோட் ஃபைவ் போன்ற மென்பொருள்கள் புழங்குகின்றன. அவற்றின் விலை நமக்கு எட்டாது, நமக்கு அவை தேவையும் இல்லை. ஓஸ்லோ மென்பொருளின் கல்விப் பதிப்பு பத்துப் பரப்புகள் வரை அனுமதிக்கும். நம் தொலைநோக்கிக்கு நான்கு போதும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ‘ரே-ஆப்டிக்ஸ்’ என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் முறை எக்செல் தாளிலேயே ஒரு கதிரைக் கையால் ஓட்டிப் பாருங்கள் என்பேன். பிறகு எந்த மென்பொருளும் மிரட்டாது.

வரிசை வரிசையாகக் கட்டுவது

எந்த மென்பொருளாக இருந்தாலும் பரப்புக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் வளைவு ஆரம், அடுத்த பரப்புவரை தூரம், பொருள், பாதி விட்டம், கூம்பு மாறிலி. நம் நியூட்டன் தொலைநோக்கிக்கு இப்படி நிரப்புங்கள்: சுழியாவது பரப்பு பார்க்கப்படும் பொருள், முடிவிலியில். முதல் பரப்பு குழியாடி, ஆரம் −2400, கூம்பு மாறிலி −1 (பரவளையம் என்று அர்த்தம்), தூரம் −1000. இரண்டாவது செகண்டரி, அதாவது 45 பாகை சாய்ந்த தட்டைக் கண்ணாடி, தூரம் +200. மூன்றாவது, பிம்பத் தளம்.

இந்தக் கழித்தல் குறிகளில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஒளி இடமிருந்து வலம் போனால் கூட்டல். கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் கழித்தல். இன்னொரு முறை பட்டுத் திரும்பினால் மறுபடி கூட்டல். படத்தில் குழியாடி புடைத்துக்கொண்டு நின்றாலோ, கதிர்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிச் சேர்ந்தாலோ, இயற்பியலைச் சந்தேகிக்க வேண்டாம். குறியைப் பாருங்கள்.

வரிசைகளை நிரப்பி, நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து ஓட்டினால் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் விழும். புள்ளிப்படத்தின் அளவு சுழி. முதன்முதலில் இதைப் பார்த்தபோது நானும் துள்ளிக் குதித்தேன். பரவளையத்தின் நடுவில் அப்படித்தான் வரும். கிரேக்கர் காலத்திலிருந்து தெரிந்த வடிவியல் அது. உண்மையில் ஒளி அலை. எஃப்/8 அமைப்பில் பச்சை ஒளிக்கு, நட்சத்திரத்தின் பிம்பம் 10.7 மைக்ரான் விட்டமுள்ள சிறு வட்டாகத்தான் வரும். இதை ஏரி வட்டு என்பார்கள். புள்ளிப்படத்தின் மேல் இந்த வட்டத்தை வரையச் சொல்லும் பொத்தான் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதை எப்போதும் போட்டே வையுங்கள். புள்ளிகள் வட்டத்துக்குள் அடங்கினால் அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை. வட்டம் இல்லாத புள்ளிப்படம் தராசு இல்லாத மளிகைக்கடை.

விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

புது ஊழியரிடம் கல்லாவை ஒப்படைக்கும் முன் நாம் எண்ணி வைத்த பணத்தை எண்ணச் சொல்வதில்லையா? மென்பொருளுக்கும் அப்படித்தான். எண்ணி வைத்த கணக்கு ஒன்று இதோ.

பரவளையமாகத் தேய்ப்பது கடினம், கோளமாகத் தேய்ப்பது எளிது. கோளத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பில் அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம், பாதி விட்டத்தின் நான்காம் அடுக்கை, ஆரத்தின் மூன்றாம் அடுக்கின் எட்டு மடங்கால் வகுத்தது. நம் கண்ணாடிக்கு 75இன் நான்காம் அடுக்கு, வகுத்தல், 2400இன் மும்மடியின் எட்டு மடங்கு: 0.29 மைக்ரான். பிரதிபலிப்பில் இது இரட்டிப்பாகும்; குவியத்தைச் சரிசெய்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். அலைமுகத்தில் மிஞ்சுவது சுமார் 0.14 மைக்ரான், பச்சை ஒளியின் அலைநீளத்தில் 0.26 பங்கு. கால் அலை என்பது ராலே காலத்திலிருந்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எல்லை. நம் கோளம் அந்த எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது.

இப்போது கூம்பு மாறிலியை −1இலிருந்து சுழியாக மாற்றி, சிறந்த குவியத்துக்கு நகர்த்தச் சொல்லி ஓட்டுங்கள். அலைமுகப் பிழை 0.26 வந்தால் உங்கள் மாதிரி சரி. 1.04 வந்தால் குவியத்தை நகர்த்த மறந்துவிட்டீர்கள். 

அப்படியே ஆரத்தை −1500 ஆக்குங்கள். அதே 150 மி.மீ. கண்ணாடி, எஃப்/5. கோளமாக விட்டால் பிழை 1.07 அலை. நட்சத்திரம் பஞ்சாகிவிடும். ‘குட்டையான குழல், தூக்கிப்போக வசதி’ என்று எஃப்/5 தேய்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். முதல் கண்ணாடி எஃப்/8ஆக இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். பரவளையமாக்குவதில் கை தவறினாலும் எஃப்/8 மன்னிக்கும்.

பெரிய கண்ணாடிகளில் இந்தச் சமாதானமெல்லாம் நடக்காது. நம் திருத்தணியிலிருந்து தென்மேற்கே நூறு கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது; இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது, கண்ணாடியும் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகிட்டது. அதைத் திட்டமிட்ட வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். முடிந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதன் முதன்மைக் குவியம் எஃப்/3.25. மேலே சொன்ன சூத்திரத்தில் அந்த அளவுகளைப் போடுங்கள்: கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் 67 மைக்ரான், ஒரு தலைமுடியின் பருமன். கேட்க அற்பம். ஒளிக்கோ நூறு அலைகளுக்கு மேல். அந்தத் தலைமுடியளவுக் கண்ணாடியை, கடைசியில் அலைநீளத்தின் சிறு பங்கு துல்லியத்தில், சுரண்டி எடுத்தாக வேண்டும்.

திருத்தணியைக் கணினிக்குள் கொண்டுவருவது

இதுவரை போட்ட மாதிரி எங்கேயும் இல்லாத ஊரில் நிற்கிறது. அங்கே வெப்பம் ஏறுவதில்லை, காற்று அடிப்பதில்லை, பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதில்லை. என் அனுபவத்தில், கணினியில் போட்டுப் பார்ப்பதன் முழுப் பயன் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது; பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் வெயில். வானிலைச் செய்தியில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வாசிக்கும்போது வேலூருக்குப் பக்கத்திலேயே திருத்தணி வந்துவிடும். கத்திரி மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த குழல் மாலையில் 45 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். இரவு அது 30க்கு இறங்கும். பதினைந்து டிகிரி. குழியாடிக்கும் செகண்டரிக்கும் இடையே குழலின் நீளம் 1000 மி.மீ. அலுமினியம் டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு சுருங்கும், மொத்தம் 0.35 மி.மீ. பிவிசி சுமார் 60 பங்கு, 0.90 மி.மீ. குழல் சுருங்கும்போது குழியாடியும் சும்மா இருப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி வகைக்குச் சுமார் 9 பங்கு. குவியத் தொலைவு 1200இல் 0.16 மி.மீ. குறைகிறது. இரண்டின் வித்தியாசம்தான் நமக்குத் தெரியும் நகர்வு: அலுமினியத்தில் 0.18, பிவிசியில் 0.74 மி.மீ.

எஃப்/8இல் குவியம் எவ்வளவு நகர்ந்தால் கெடும்? இரு பக்கமும் 0.07 மி.மீ. என்பது வழக்கமான எல்லை. ஆக, மாலையில் அழகாகக் குவித்து வைத்த பிவிசி தொலைநோக்கி இரவுக்குள் பத்து மடங்கு தாண்டிவிடுகிறது. கண்ணால் பார்க்கிறவர் ஃபோகஸரை ஒரு திருகு திருகிவிட்டுப் போய்விடுவார். கேமராவை மாட்டிவிட்டுக் கீழே சாப்பிடப் போகிறவருக்குத்தான் சிக்கல்.

இங்கே ஒரு வேடிக்கை கவனியுங்கள். வெப்பத்துக்கு அசையாத போரோசிலிகேட் கண்ணாடி வாங்கினால் நல்லதுதானே? அது 3.3 பங்குதான் சுருங்கும். அலுமினியக் குழலில் அதைப் போட்டால் நகர்வு 0.18இலிருந்து 0.29 ஆகக் கூடுகிறது! கண்ணாடியும் குழலும் சேர்ந்து சுருங்கினால் நல்லது. ஒன்று மட்டும் நின்றுவிட்டால்தான் வித்தியாசம் பெரிதாகும். சரி, அப்படியானால் மலிவுக் கண்ணாடியே போதுமா? போதாது. அடுத்த கணக்கு அதைக் கவிழ்த்துவிடும்.

மாலையில் குழியாடி ஒரே சீராக ஆறுவதில்லை. வானத்தைப் பார்க்கும் முன்பக்கம் முதலில் ஆறும்; தாங்கியோடு ஒட்டிய பின்பக்கம் சூடாகவே இருக்கும். 25 மி.மீ. தடிமனில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். முன்பக்கம் சுருங்கி, கண்ணாடி அப்பளம் போல் வளையும். ஜன்னல் கண்ணாடியில் இந்த வளைவு குவியத் தொலைவை 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் குறைத்துவிடுகிறது. போரோசிலிகேட்டில் 0.4 மி.மீ.க்குள் நிற்கும். மாதிரியில் இதைப் போடுவது எளிது: குழியாடியின் ஆரத்தை −2400க்குப் பதில் −2398 என்று மாற்றுங்கள், முடிந்தது.

குழல் சுருங்கினால் குவியம் வெளியே தள்ளும். கண்ணாடி வளைந்தால் உள்ளே இழுக்கும். முன்னிரவில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏழு மணிக்கு ஒரு பக்கம் திருகியவர் ஒன்பது மணிக்கு மறுபக்கம் திருகுவார். கேட்டால் ‘ஃபோகஸர் லூஸ்’ என்பார். எத்தனையோ நல்ல ஃபோகஸர்கள் இப்படிப் பழி சுமந்திருக்கின்றன. தீர்வு கணினியில் இல்லை: குழியாடிக்குப் பின்னால் பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, சூரியன் மறைந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். ஆனால் அந்த விசிறிக்குக் குழலில் இடம் விட வேண்டும் என்பது கண்ணாடி வாங்கும் முன்பே தெரிந்ததே, அது கணினியால்.

கை நடுக்கத்தையும் சேர்க்க வேண்டும்

1200 மி.மீ. குவியத் தொலைவு வேண்டும் என்று தேய்ப்பீர்கள். 1190 வரும், 1210 வரும். முதல் கண்ணாடியில் ஒரு சதவீதப் பிழை சகஜம். குழலை முன்கூட்டியே வெட்டிவைத்தால் என் கேமரா கதைதான். மாதிரியில் ஆரத்தை −2376 என்றும் −2424 என்றும் மாற்றி இரண்டு முறை ஓட்டி, ஃபோகஸர் எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை போக வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. வரும். அத்துடன் கேமராவுக்கான 55 மி.மீ. உங்கள் ஃபோகஸரின் நீளத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் கொஞ்சம் தவறை அள்ளித் தெளித்து, நூறு தொலைநோக்கிகளைக் கணினிக்குள் ‘கட்டி’, அவற்றில் எத்தனை தேறுகின்றன என்று பார்க்கும் முறைக்கு மான்டே கார்லோ என்று பெயர். சூதாட்ட ஊரின் பெயர், பொருத்தமான பெயர். இதைச் செய்யும்போது ‘குவியத்தை நகர்த்தி ஈடுசெய்யலாம்’ என்று மென்பொருளிடம் சொல்ல மறக்காதீர்கள். மறந்தால் நூறும் தோற்றதாக அறிக்கை வரும், நீங்கள் மனம் உடைந்து பொழுதுபோக்கையே மாற்றிக்கொள்வீர்கள்.

என் நூறில் மிக அதிகமாகத் தவறியது குழியாடியின் சாய்வு. பரவளையம் நடுவில்தான் உத்தமம். ஓரத்துக்குப் போனால் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். கோமா என்பார்கள். எஃப்/8இல் வால் தெரியாத வட்டம் சுமார் 11 மி.மீ. விட்டம். எஃப்/5இல் அது 2.7 மி.மீ.தான். குழியாடியின் பின்னால் மூன்று எம்-6 திருகுகள். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். என் தாங்கியின் அளவில், எஃப்/8 கண்ணாடியில் ஒரு திருகை 0.4 சுற்று தவறாகத் திருப்பினால் அந்த வட்டம் கைவிட்டுப் போகிறது. எஃப்/5இல் ஆறில் ஒரு சுற்று போதும். பள்ளிப்பட்டுப் பள்ளி ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டு போகிறவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

மலை மேல் விளக்கு

ஆண்டுக் கடைசி இரவில் படி பூஜைக்காகத் திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளும் ஒளிவெள்ளத்தில் நிற்கும்போது வானம் பார்க்க யாரும் உட்கார மாட்டார்கள். நானும் படியேறத்தான் போவேன். மற்ற இரவுகளிலும் கோயில் விளக்கு உண்டு, பச்சரிசி மலைப் பக்கம் மட்டும் இருட்டு. விளக்கின் ஒளி குழலின் வாய் வழியே சாய்வாக நுழைந்து, கண்ணாடி எதையும் தொடாமல், நேரே ஃபோகஸருக்குள் விழலாம். இதுவரை பயன்படுத்திய மாதிரி இதைக் காட்டாது. அதில் கதிர்கள் வரிசைப்படிதான் போகும். கதிர் விரும்பிய பரப்பில் முட்டட்டும் என்று விட்டுவிடும் வேறு வகை மாதிரி வேண்டும்.

மென்பொருள் இல்லாவிட்டாலும் ஒரு தந்திரம் உண்டு: கதிரைத் தலைகீழாக ஓட்டுங்கள். கண் இருக்கும் இடத்திலிருந்து ஃபோகஸர் வழியே வெளிநோக்கிக் கோடுகள் வரையுங்கள். எந்தக் கோடு செகண்டரியைத் தொடாமல் குழலின் வாயைத் தாண்டி வெளியே போகிறதோ, அந்த வழியாகத்தான் விளக்கு உள்ளே வரும். ஃபோகஸருக்கு முன்னால் குழலை இன்னொரு 250 மி.மீ. நீட்டியதும் என் படத்தில் அந்தக் கோடுகள் எல்லாம் குழலின் உட்சுவரில் முட்டி நின்றன. ஃபோகஸருக்கு எதிர்ச் சுவரில் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். தையல் கடையில் மிஞ்சிய துண்டு, காசு வாங்கவில்லை.

இதே கவலைதான் பெரிய அளவில் ஆதித்யா-எல்1 சூரிய ஆய்வு விண்கலத்துக்கும். 2023 செப்டம்பர் 2 அன்று, நம் மலைக்கு நேர்கோட்டில் நூறு கி.மீ.க்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. அதிலுள்ள கரோனா நோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனம் கட்டியது. சூரியனின் கரோனா சூரிய வட்டைவிட லட்சக்கணக்கான மடங்கு மங்கல். கண்ணாடியில் ஒரு தூசி சிதறடிக்கும் ஒளியே கரோனாவை மூழ்கடித்துவிடும். விண்ணுக்குப் போன பிறகு வெல்வெட் ஒட்ட முடியாது. சிதறல் கணக்கு முழுவதையும் தரையிலேயே முடித்தாக வேண்டும்.

கணினி சரி, கண்ணாடி தப்பு

எல்லாம் தெரிந்தவர்களும் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை விட முடியாது. ஹப்பிள் விண்தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடிக்கு வடிவமைப்பாளர்கள் கேட்ட கூம்பு மாறிலி −1.0023. வடிவமைப்பில் பிழையில்லை. தேய்ப்பவர்கள் கண்ணாடியைச் சோதிக்கப் பயன்படுத்திய கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. கண்ணாடி அந்தத் தவறான கருவிக்கு மிகச் சரியாகப் பொருந்தும்படி தேய்க்கப்பட்டது. விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. இன்னும் இரண்டு எளிய கருவிகள் ஏதோ தவறு என்று காட்டின. துல்லியம் குறைந்தவை என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் ஏவிய பிறகுதான் படங்கள் மங்கலாக வந்தன.

பிறகு கணினியைத் திருப்பி ஓட்டினார்கள். எந்தக் கூம்பு மாறிலியைக் கொடுத்தால் இந்த மங்கல் அப்படியே வருகிறது? −1.0139. அந்த எண் கிடைத்ததும், அதற்கு நேர் எதிரான பிழையை வேண்டுமென்றே வைத்துத் திருத்தும் ஒளியியலைச் செய்து, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பொருத்தினார்கள்.

உங்கள் கண்ணாடியையும் குறைந்தது இரண்டு முறைகளில் சோதியுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நாசூக்கான கருவியை மட்டும் நம்பி மற்றதைத் தள்ளிவிட வேண்டாம். நான் கத்தி முனைச் சோதனையும் நட்சத்திரச் சோதனையும் செய்கிறேன். மலைக்கோயில் விளக்கை நட்சத்திரமாகப் பாவித்துச் சோதிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. ஆனால் ஒன்றரை கி.மீ. தள்ளி இருக்கும் விளக்கின் குவியம், நட்சத்திரத்தின் குவியத்தைவிட ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே விழும். மாதிரியில் பொருளின் தூரத்தை முடிவிலியிலிருந்து 15 லட்சம் மி.மீ. என்று மாற்றிப் பாருங்கள், தெரியும். விளக்குக்குக் குவித்துக் கோடு போட்டு வைத்துவிட்டு, இரவில் நட்சத்திரம் மங்கல் என்று கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது தொலைநோக்கியைக் கட்டியபோது மாதிரியின் எண்களை ஒரு தாளில் அச்செடுத்து, குழலின் அடிமூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். குழல் மறுபடியும் பிவிசிதான். கடன் தீராத கடைக்காரர். ஒரு மே மாத இரவு வெர்னியர் காலிபரை ஃபோகஸரில் கட்டிவைத்து, தாளோடு ஒப்பிட்டேன். மாலைக்கும் பத்து மணிக்கும் இடையே பதினைந்து டிகிரி இறக்கம். தாள் சொன்னது 0.74 மி.மீ. வெளியே. அளந்தது அரை மி.மீ. ஆரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கண்ணாடிக்குள் 0.2 டிகிரி வித்தியாசம் மிச்சமிருப்பதாக வைத்து ஓட்டினால் 0.53. விசிறியைப் போடவே மறந்திருந்தேன். போட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்து, ஒரு மணிக்கு எழுந்து வந்து அளந்தேன். முக்கால் மி.மீ.

அடுத்த அத்தியாயத்தில் தேய்க்கத் தொடங்குகிறோம். 150 மி.மீ. வட்டக் கண்ணாடி இரண்டு, 80 நம்பர் கார்போரண்டம் தூள், ஒரு வாளி, பழைய செய்தித்தாள் இவற்றை வாங்கி வையுங்கள். குழலை மட்டும் இன்னும் வெட்ட வேண்டாம்.